கழுத்து திரும்பிய கோழி

(தூத்துக்குடியில் வீட்டுக்கோழி வளர்ப்போரிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நான் கால்நடை மருத்துவனாக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சாயங்காலம் மருந்தகத்தைப் பூட்டப் போகிற நேரத்தில் ஒரு பாட்டி வந்தார். கடற்கரைத் தெருக்காரர். இடுப்பில் ஓலைப்பெட்டி, பெட்டியின் மேல் ஈரத்துண்டு. துண்டை விலக்கினால் உள்ளே ஒரு சிறுவிடைக் கோழி. தலை பின்னால் மடங்கி முதுகில் கிடந்தது. அலகு வானத்தைப் பார்த்தபடி இருந்தது. கண் மட்டும் நன்றாகத் திறந்திருந்தது.

"காத்து கருப்பு அடிச்சிட்டுன்னு சொல்லுதாவ. ஒரு ஊசி போட்டுப் பாருங்கய்யா. இல்லன்னா குழம்பு வச்சிர வேண்டியதுதான்."

கழுத்து திரும்பினால் வெள்ளைக்கழிச்சல் என்று பாடம் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். பார்த்த மாத்திரத்தில், "இது வெள்ளைக்கழிச்சல் பாட்டி, மருந்து கிடையாது" என்று சொல்லிவிட்டேன். பாட்டி என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வெள்ளைக்கழிச்சல்ங்கிய. கழியவே இல்லையே அய்யா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்பது அந்தப் பதிலைச் சொல்லத்தான். கொஞ்சம் தாமதம், பாட்டி மன்னிப்பாராக.

மனுஷனுக்கு நரம்புக் கோளாறு வந்தால் பக்கவாதம், வலிப்பு, நடுக்கம், கிறுகிறுப்பு என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறோம். கோழிக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: சீக்கு. சோர்ந்து தூங்கி விழுகிற ஆளைக்கூட 'சீக்குக் கோழி' என்றுதான் சொல்கிறோம். ஆனால் கழுத்து திரும்புவது ஒரு நோய் அல்ல. மூளையிலோ நரம்பிலோ ஏதோ தகராறு என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். வாசலில் அழைப்பு மணி அடித்தால் யார் வந்திருக்கிறார் என்று மணிச்சத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா? கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

வாசலில் நிற்கிறவர்களில் மிகவும் பொல்லாதவர் வெள்ளைக்கழிச்சல்தான், சந்தேகமே இல்லை. அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். துறைமுக ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதை பிடிக்கும்.

1926இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உலகின் இரண்டு மூலைகளில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஒன்று ஜாவாத் தீவு. மற்றொன்று இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில், அன்றைக்கு நிலக்கரி ஏற்றிய பெரிய துறைமுகம். கீழை நாடுகளிலிருந்து வந்த கப்பலின் இறைச்சிக் கழிவோடு நோய் கரையிறங்கியிருக்கலாம் என்று அப்போதே கருதினார்கள். அதை ஆராய்ந்த டாயில் என்பவர் 1927இல் ஊர்ப்பெயரையே நோய்க்கு வைத்தார். தற்காலிகமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தார். ஒரு நூற்றாண்டு ஆகப் போகிறது, பெயர் மாறவில்லை. அதே காலத்தில் நம் நாட்டில் கடலே கண்ணில் படாத குமாவுன் மலையில், ராணிகேத் என்ற ஊரில் இது கண்டறியப்பட்டது. அதனால் இந்தியப் பாடப்புத்தகங்களில் 'ராணிகேத் நோய்'. பாவம், அழகான மலையூர். சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு ராணிகேத், கோழிக்காரர்களுக்கு வேறொரு ராணிகேத்.

நம் ஊர்ப் பெயர் மட்டும் ஊரைச் சொல்லாமல் எச்சத்தைச் சொல்கிறது. அதில்தான் சிக்கல். இந்த வைரஸுக்குப் பல குணங்கள் உண்டு. ஒரு வகை குடலைத் தாக்கும்: வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், இரண்டு மூன்று நாளில் கூடே காலி. இன்னொரு வகை மூச்சில் தொடங்கி நரம்புக்குப் போகும். கொர் கொர் என்று இழுப்பு, பிறகு நடுக்கம், கால் இறக்கை விழுதல், கழுத்து முறுக்கு. அதில் கழிச்சல் சொல்லும்படியாக இல்லாமலும் போகலாம். ஆகவே பாட்டியின் கேள்விக்கு முதல் பதில்: கழியாவிட்டாலும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். பெயரை நம்பக்கூடாது.

ஆனால் அவர் கேள்வி என்னை ஒரு நல்ல காரியம் செய்ய வைத்தது. உட்கார்ந்து விசாரிக்கத் தொடங்கினேன். வீட்டில் எத்தனை கோழி? ஏழு. மற்ற ஆறும் எப்படி? குதித்துக்கொண்டு திரிகின்றன. அக்கம்பக்கத்தில் சாவு? இல்லை. இது எத்தனை நாளாக? நாலைந்து நாளாகவே நடை தள்ளாடியது, நேற்றிலிருந்து தலை இப்படி. மூச்சு இழுப்பு? இல்லை. அப்படியானால் ஏழில் இந்த ஒன்றுக்கு மட்டும் என்ன தனி? அங்கேதான் விஷயம் வந்தது. இந்தக் கோழி பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது என்று சண்டை. ஒரு மாதமாக அதை மட்டும் காலில் கயிறு போட்டு மாடிப்படிக்குக் கீழே கட்டி வைத்திருக்கிறார்.

"சாப்பாடு?"

"எம்மவன் வேலை பாக்குற ஓட்டல்ல மிஞ்சின சோறு. அப்புறம் நெத்திலித் தலை, மட்டிச் சதை, என்ன கிடைக்கோ அது."

இந்த இடத்தில் பாட்டியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஜாவாவுக்குப் போவோம். வெள்ளைக்கழிச்சல் அங்கே தலைகாட்டுவதற்கு முப்பத்தேழு வருஷம் முந்தி, 1889. இன்றைய ஜகார்த்தா அன்றைக்கு பட்டாவியா. டச்சு ராணுவ ஆஸ்பத்திரியை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருக்கிறார். பெரிபெரி வந்தால் கால் மரத்துப் போகும், நடை போகும், கடைசியில் இதயமும் நிற்கும். சிப்பாய்களும் கைதிகளும் செத்துக்கொண்டிருந்தார்கள். ஐக்மனின் ஆய்வுக் கோழிகள் திடீரென்று தள்ளாடின. காலில் ஆரம்பித்து இறக்கை, கழுத்து என்று வாதம் ஏறியது. கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு, ஒரு நாள், எந்த மருந்தும் இல்லாமல் கோழிகள் தேறிவிட்டன.

காரணம் ஒரு சமையற்காரர். அதுவரை கோழிக்குப் போட்டது ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. நவம்பரில் புதிதாக வந்த சமையற்காரர், 'ராணுவத்து அரிசியை ராணுவத்தில் இல்லாத கோழிக்குத் தர முடியாது' என்று நிறுத்திவிட்டார். வேறு வழியில்லாமல் தவிடு போகாத மட்ட அரிசியைப் போட்டார்கள். கோழி எழுந்துகொண்டது. நிர்வாகக் கெடுபிடி அறிவியலுக்கு உதவிய மிகச் சில தருணங்களில் இது ஒன்று.

ஐக்மனே இதைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டார். அரிசி மாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று நினைத்தார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901இல், நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டில் உள்ள ஒன்று உடம்புக்குக் கிடைக்காததுதான் நோய் என்று திருத்தினார். அந்த ஒன்றைத்தான் தயமின், பி1 என்கிறோம். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு வந்தது. பி1ஐ ஆய்வுக்கூடத்தில் 1936இல் செயற்கையாகச் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். பெயர் வெள்ளைக்காரப் பெயர்தான், பிறந்தது நம் பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில்! பச்சரிசி தின்ற வட கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. நம் தமிழ்ப் பக்கம் இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி நம்மைக் காப்பாற்றிய விதம் அது. எந்தப் பாட்டனும் விட்டமின் படித்துவிட்டு நெல் அவிக்கவில்லை.

இப்போது மாடிப்படிக்குக் கீழே வாருங்கள். ஓட்டல் சோறு: தீட்டிய அரிசி, அதையும் கஞ்சி வடித்த சோறு. பி1 தண்ணீரில் கரையும், மிச்சமிருந்ததும் கஞ்சியோடு போயிற்று. அதற்கு மேல் பச்சை நெத்திலி, பச்சை மட்டி. நெத்திலி மாதிரியான சில மீன்களிலும் மட்டி, சிப்பி வகைகளிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் வேலையே பி1ஐ உடைப்பது. 1930களில் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஒருவர் தோலுக்காக வளர்த்த நரிகளுக்குப் பச்சை மீன் போட்டார். நரிகள் வாதம் வந்து செத்தன. அவருடைய பெயரால் சாஸ்டெக் வாதம் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. மீனை வேகவைத்தால் நொதி செத்துப்போகும். மற்ற ஆறு கோழிகளும் அதே மீனைத் தின்றன. ஆனால் அவை புல் கொத்தின, கறையான் பொறுக்கின, மாட்டுத் தொழுவத்தில் தவிடு நக்கின. கட்டிப்போட்டதற்கு வேறு போக்கில்லை. வளர்ந்த கோழிக்கு பி1 சுத்தமாக நின்றுபோனால் மூன்று வாரத்தில் நரம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

தலை முதுகுக்குப் போய் அலகு வானத்தைப் பார்க்கிற அந்த நிலையை மருத்துவர்கள் 'நட்சத்திரம் பார்த்தல்' என்பார்கள். என் பாடப்புத்தகத்திலும் இருந்தது, பரீட்சைக்குப் படித்தேன், எதிரில் வந்தபோது தெரியவில்லை. பி1 ஊசி போட்டேன். மாத்திரையைப் பொடித்துப் பிசைந்த தீனியில் கலந்து தரச் சொன்னேன். மறுநாள் காலையில் பாட்டி வரவில்லை. செத்துவிட்டது போல என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வந்தார். கோழியைக் கொண்டுவரவில்லை, முட்டை கொண்டுவந்தார்; அந்தக் கோழியின் முட்டை அல்ல, வேறு கோழியினுடையது. "அது எந்திரிச்சு நிக்கி. ஆனா இன்னும் கட்டித்தான் போட்டிருக்கேன்" என்றார். கட்டை அவிழ்க்கச் சொல்ல எனக்கு இன்னொரு அரை மணி நேரம் ஆயிற்று.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கழுத்து திரும்பிய கோழிக்கெல்லாம் பி1 கொடுத்தால் போதும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை வெள்ளைக்கழிச்சல்தான். என் கட்சி இதுதான்: ஒதுக்கும்போது வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து ஒதுக்குங்கள், மருந்து கொடுக்கும்போது சத்துக்குறை என்று நினைத்துக் கொடுங்கள். பி1 மலிவு, அளவோடு கொடுத்தால் கெடுதல் இல்லை, ஓரிரு நாளில் தேறினால் அதுவே நோயையும் சொல்லிவிடும். தேறாவிட்டால், தனியாக வைத்திருந்ததால் மற்றக் கோழிகளாவது பிழைக்கும்.

நம் கரைக்கென்றே இன்னும் இரண்டு விருந்தாளிகள் இருக்கிறார்கள்.

ஒன்று உப்பு. உப்பளத்து ஊரில் உப்பைக் குறை சொல்லக்கூடாதுதான். மணலில் காயப்போட்ட கருவாட்டைக் கோழி கொத்தும். கருவாடு ஊறவைத்த தண்ணீரை வாசலில் ஊற்றுவோம், சித்திரை வெயிலில் வேறு தண்ணீர் கிடைக்காத கோழி அதைக் குடிக்கும். அடங்காத தாகம், தண்ணீராகப் பேதி, தள்ளாட்டம், குஞ்சாக இருந்தால் மல்லாந்து விழுந்து காலை உதறும். நல்ல தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிற கோழி உப்பை ஓரளவு தாங்கும். தண்ணீரும் உப்பாக இருந்தால்தான் ஆபத்து. ஆகவே வைத்தியம் நல்ல தண்ணீர், ஒரேயடியாக அல்ல, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. கிணறு உவர் என்றால் கோழிக்கும் குடிதண்ணீரில்தான் பங்கு வைக்க வேண்டும். குடம் என்ன விலை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.

மற்றொன்று அழுகல். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைக் குவித்து அழுகவிடுவார்கள். சதையைப் புழு தின்று தீர்த்த பிறகு கழுவி முத்தெடுப்பார்கள். 1961இல் நடந்த கடைசிக் குளிப்பை இங்கே பெரியவர்கள் சிலர் பார்த்திருக்கக்கூடும். அந்த நாற்றத்தைச் சொல்லும்போது இன்றும் மூக்கைச் சுளிப்பார்கள். சிப்பிக் குவியல் போய்விட்டது, மீன் கழிவுக் குவியல் இருக்கிறது. காற்றுப் புகாத அழுகலில் பாட்டுலிசம் கிருமி நஞ்சைச் சுரக்கும். அதில் நெளிகிற புழுவுக்கு அந்த நஞ்சு ஒன்றும் செய்யாது, உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கோழிக்குப் புழு என்றால் பலகாரம். சில புழுவே போதும்.

இதில் கழுத்து முறுக்காது, தொங்கும். இந்த வித்தியாசத்தை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கழிச்சலில் கழுத்து கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு விறைப்பாக இருக்கும், நீங்கள் நேராக்கினால் மறுபடி திரும்பும். பாட்டுலிசத்தில் ஈரத்துணி மாதிரி துவண்டு தரையில் கிடக்கும், கண் இமை பாதி மூடியிருக்கும், இறகைத் தொட்டாலே கழன்று வரும். குவியலை அன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும், அதுதான் முதல் மருந்து. இரண்டு நாள் தாங்கிவிட்ட கோழி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முதல் ஐந்து மாதக் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு படுத்தால் அது மாரெக் நோய். 1907இல் ஹங்கேரியின் ஜோசப் மாரெக் விவரித்தது. தொடை நரம்பு ஒரு பக்கம் வீங்கிவிடும். வைத்தியம் இல்லை, பொரித்த அன்றே தடுப்பூசி போட வேண்டும். அடைக்கோழி பொரித்த குஞ்சுக்கு யார் போடுகிறார்கள்? மூன்று வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளுக்கு உடம்பு முழுக்க நடுக்கம் என்றால் மூளை அழற்சி, அல்லது சிக்குப் பிடித்த எண்ணெய்த் தீவனத்தால் வந்த விட்டமின் இ குறை. கால் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டால் பி2 குறை. பூச்சிமருந்து தெளித்த வயலில் மேய்ந்துவிட்டு வந்து எச்சில் ஒழுகத் துடித்தால் நேரே மருத்துவர்.

அப்புறம் பராமரிப்பு. இதில்தான் வீட்டார் தோற்றுப்போகிறார்கள். கழுத்து திரும்பிய கோழி பலசமயம் நோயால் சாவதில்லை, பட்டினியால் சாகிறது. தீனியைக் குறிவைத்துக் கொத்தும், அலகு வேறு இடத்தில் இறங்கும். சிதறிய நாலு மணி தானியம் அதற்கு எட்டாது. குவியலாகப் போடுங்கள், ஆழமான கிண்ணத்தில். கம்பு மாவும் தவிடும் பிசைந்து சின்ன உருண்டையாக நாக்கின் பின்பக்கம் வைத்து விழுங்க விடுங்கள். ஐக்மன் கோழியை எழுப்பியதே தவிடுதான் என்பது நினைவிருக்கட்டும். தண்ணீரை மல்லாத்திப் பிடித்து ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உட்கார்ந்த நிலையில் தலையைத் தாங்கிக்கொண்டு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்குங்கள். சத்தமும் வெளிச்சமும் முறுக்கைக் கூட்டும். கீழே மணல், இரண்டு பக்கமும் துணிச்சுருள் அண்டை. சின்ன வெங்காயமும் சீரகமும் மிளகும் மஞ்சளும் அரைத்துக் கொடுக்கிறீர்கள், கொடுங்கள், நான் தடுக்கமாட்டேன். அதனால் வைரஸ் சாகும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

சீக்குக் கோழியை அறுக்காதீர்கள். குழம்பு கொதிக்கும்போது கிருமி செத்துவிடும், சரி. ஆனால் வாசலில் விழுந்த இறகும் குடலும்? அதைக் கிளற அடுத்த வீட்டுக் கோழி வரும். வாரச்சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது இன்னும் மோசம், நோயை ஊர் ஊராகக் கூடையில் வைத்து அனுப்புகிறோம். கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் உங்களுக்கும் கண் சிவந்து நீர் வடியலாம்.

ஒரே இரவில் பல கோழி, கொண்டை நீலம் பாய்ந்து செத்துக் கிடந்தால் நான் சொன்ன எதையும் செய்யாதீர்கள். தொடாமல் 1962க்கு அழையுங்கள், கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். பறவைக் காய்ச்சலிலும் கழுத்து திரும்பும். இந்தியாவில் அது முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பிடிபட்டது. மாதிரி போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போய்த்தான் உறுதியாகும். நம் உப்பளங்களுக்கு வருஷா வருஷம் வெளியூர்ப் பறவைகள் வருகின்றன. அவற்றைப் பழிக்கவில்லை, பக்கத்தில் இருக்கிறோம் என்று சொல்கிறேன்.

இனி வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கிற நிறுவனம் நம் மாநிலத்துக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கிறது. நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தீனியோடு போடுகிற குருணை மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள், வெயில் ஏறுவதற்கு முன். பிறகு ஏன் சித்திரையில் சாகிறது? என் அனுபவத்தில் இரண்டு காரணம். ஒன்று, காலை பத்து மணிக்கு ஊசிக்காரர் வரும்போது கோழி தெருவில் இருக்கிறது. நாட்டுக்கோழியைப் பகலில் பிடிக்க ஒலிம்பிக் வீரனால் முடியாது. இரண்டு, ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு. கரைத்துவிட்டால் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் வீட்டில் ஆறு கோழி. ஆறு கோழிக்காக யார் குப்பியை உடைப்பார்?

பாட்டியின் தெருவில் ஒரு வருஷம் இப்படிச் செய்தோம். முந்தின நாள் இருட்டியதும் எல்லா வீட்டிலும் கோழியைப் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டார்கள், விடிந்தும் திறக்கவில்லை. மீன் ஐஸ் ஒரு கட்டி, ஏலக்கூடத்திலிருந்து சும்மா கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்தோம். நூறுக்கு மேல் கோழி. பாட்டிதான் முன்னால் நடந்தார், வீடு வீடாகப் பஞ்சாரத்தைத் தூக்கிக் கொடுத்தார். கடைசியில் அவர் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படிக் கோழியை மட்டும் காணவில்லை. பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில் நின்றது.